பாலம் கட்டிய கணக்கர்: அந்தியோக்கியா ஜோர்ஜ் அவர்களின் வாழ்க்கை

ஒரேத்தோப் பகுதியில் வசிக்கும் எம்மவர்களுக்குக் கோர்சோ தெய் மில்லே வீதியோரம் நிற்கும் பழைய கற்பாலத்தைத் தெரியாமல் இராது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பலர் அதனருகால் கடந்து செல்கின்றோம். பாலத்தின் கீழே ஆறு இல்லை, புற்றரைதான் உண்டு. அடிக்கடி பெருக்கெடுத்த ஒரேத்தோ ஆற்றை 1938ஆம் ஆண்டில் வேறு வழியால் திருப்பி விட்டார்கள். ஆறு விலகிப் போக, பாலம் மட்டும் தரையில் நிற்கின்றது. 1860ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் திகதி கரிபால்டியின் படை பலெர்மோ நகருக்குள் நுழைந்தபோது சண்டை நடந்த இடமும் இதுவே. 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமைச் சின்னங்களின் வரிசையில் சேர்த்துக் கொண்டது.

இதன் பெயர் பொந்தே தெல் அம்மிராலியோ. கடற்படைத் தலைவரின் பாலம் என்பது பொருள். அந்தத் தலைவர் யார் அப்பா என்று என் மகன் ஒருநாள் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. நூலகத்திற்குப் போய்த் தேடிப் படித்தபோது வியப்பாக இருந்தது. அவர் இந்த ஊரவர் அல்லர். உயிருக்குப் பயந்து கடல் கடந்து வந்தவர். அவர் கையோடு கொண்டு வந்த தொழில் கணக்கெழுதுவது. கணக்கியல் படித்து, அகதியாக இந்நகருக்கு வந்து சேர்ந்த எனக்கு, அவருடைய வாழ்க்கையை எமது குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அந்தியோக்கியாவிலிருந்து மஹ்தியாவுக்கு

அவர் பெயர் ஜோர்ஜ். தந்தையார் பெயர் மிக்கேல். இன்றைய துருக்கி நாட்டின் தென் எல்லையில், 2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாத நிலநடுக்கத்தில் பேரழிவைக் கண்ட அந்தாக்கியா என்னும் ஊரே அக்காலத்து அந்தியோக்கியா. 11ஆம் நூற்றாண்டில் அந்நகரம் பைசாந்தியப் பேரரசிடமிருந்து துருக்கியர் கைக்கும், 1098ஆம் ஆண்டில் சிலுவைப் படையினர் கைக்கும் மாறியது. அங்கு வாழ்ந்த கிழக்கத்தியக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றிலே பிறந்தவர் ஜோர்ஜ். கிரேக்க மொழியோடு அரபு மொழியையும் நன்கு கற்றார். சிரியா நாட்டில் கணக்கு வேலையும் பழகினார்.

பின்னர் குடும்பத்துடன் வட ஆபிரிக்காவுக்குச் சென்றார். இன்றைய துனீசியாவின் கரையிலுள்ள மஹ்தியா துறைமுகத்தில் அப்போது தமீம் என்னும் அமீர் ஆட்சி செய்தார். முஸ்லிம் மன்னரான அவர், கிறிஸ்தவரான ஜோர்ஜையும் உறவினரையும் நம்பி வருமானக் கணக்குகளை ஒப்படைத்தார். அங்கிருந்த காலத்தில் ஜோர்ஜ் வரி, துறைமுகம், கப்பல் என்று எல்லாவற்றின் வரவு செலவையும் அறிந்துகொண்டார்.

1108ஆம் ஆண்டில் தமீம் இறந்தார். மகன் யஹ்யா பட்டத்துக்கு வந்தார். பழைய மன்னரின் நம்பிக்கைக்குரியவர் புதிய மன்னரின் சந்தேகத்துக்குரியவர் ஆனார். கணக்குப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல. எல்லா இரகசியமும் தெரிந்தவன் என்பதே ஒருவனுக்கு ஆபத்தாகி விடும். ஜோர்ஜ் இரகசியமாகச் சிசிலிக்குத் தகவல் அனுப்பினார். ஒரு வெள்ளிக்கிழமை, ஊரார் தொழுகையில் இருந்த வேளையில், அவரும் குடும்பத்தவரும் மாலுமிகள் போல் உடை தரித்துக் கப்பலேறித் தப்பினார்கள் என்று அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர்.

புதிய அரசுக்கு வேண்டிய ஆள்

அவர் வந்திறங்கிய சிசிலி எப்படி இருந்தது என்பதை அறிந்தால்தான் அவர் எவ்வாறு உயர்ந்தார் என்பது விளங்கும்.

நோர்மானியர் வடக்கிலிருந்து வந்து இத்தீவைக் கைப்பற்றி அப்போது சில பத்தாண்டுகளே ஆகியிருந்தன. பலெர்மோ அவர்கள் கைக்கு வந்தது 1072ஆம் ஆண்டில். ஆள்பவர்கள் இலத்தீன் திருச்சபையினர். ஆளப்படுபவர்களில் பெரும்பாலோர் அரபு பேசும் முஸ்லிம்களும் கிரேக்கம் பேசும் கிறிஸ்தவர்களும். யூதர்களும் வாழ்ந்தார்கள். பட்டத்துக்குரிய இரண்டாம் ருஜ்ஜேரோ 1108இல் பன்னிரண்டு வயதுச் சிறுவன். ஆங்கிலப் புத்தகங்களில் இவரையே ரொஜர் என்பர். தாயார் அதெலாசியா அம்மையார் மகனுக்காக ஆட்சியை நடத்தினார். 1109ஆம் ஆண்டில் அந்த அம்மையார் ஒரு மடத்தைப் பாதுகாக்கும்படி அதிகாரிகளுக்கு எழுதுவித்த கட்டளை இன்றும் பலெர்மோ அரச சுவடிக்கூடத்தில் இருக்கின்றது. காகிதத்தில் எழுதப்பட்டுத் திகதியும் இடப்பட்ட ஐரோப்பிய ஆவணங்களில் எஞ்சியுள்ள மிகப் பழையது அது. கிரேக்கம், அரபு ஆகிய இரு மொழிகளிலும் எழுதப்பட்டது. இரு மொழியில் இதழ் நடத்தும் நாம் இதைக் கேட்டு மகிழலாம்.

இப்படிப்பட்ட நாட்டை ஆள்வதற்கு வாள் மட்டும் போதாது. எந்தக் காணி யாருடையது, எந்தக் கிராமத்தில் எத்தனை குடும்பம், யார் எவ்வளவு வரி கட்டினார் என்பதெல்லாம் அரபு மொழிக் கணக்குகளில் இருந்தன. அவற்றை வாசிக்கக்கூடியவர் வேண்டும். அவர் மன்னருக்கு விசுவாசமானவராகவும் இருக்க வேண்டும். உள்ளூர்ப் பிரபுக்களை நம்பினால் அவர்களுக்கு உறவு, கட்சி, சொந்தக் கோட்டை எல்லாம் உண்டு. வெளியூரிலிருந்து வந்தவருக்கோ மன்னரைத் தவிர வேறு துணை கிடையாது.

ஜோர்ஜின் திறமைக்கு இடம் கிடைத்த காரணம் இதுதான். அவர் திறமையானவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே திறமையோடு அவர் மஹ்தியாவில் இருந்தபோது உயிரைக் காப்பாற்றவே ஓட வேண்டியிருந்தது. மனிதர் ஒருவர்தான், அவர் பணியாற்றிய அரசுகளே வேறு.

முதலில் சிறிய வேலைதான் கிடைத்தது. அப்துல் ரஹ்மான் என்றும் கிறிஸ்தோதூலோஸ் என்றும் இரு பெயர்களால் அறியப்பட்ட முதலமைச்சரின் கீழ் வரி அலுவல் பார்த்தார். எகிப்துக்குத் தூது சென்று வந்தார். 1123ஆம் ஆண்டில் மஹ்தியா மீது படையெடுத்துச் சென்ற கப்பல்களில் அவரும் முதலமைச்சரும் தலைமை தாங்கினர். அம்முயற்சி பெருந்தோல்வியில் முடிந்தது. முதலமைச்சரின் செல்வாக்கு அதன் பின் தேய்ந்தது. ஜோர்ஜ் மேலே வந்தார். 1130ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று பலெர்மோவில் ருஜ்ஜேரோ அரசராக முடிசூடினார். சில ஆண்டுகளுக்குள் அமீர்களின் அமீர் என்னும் பட்டம் ஜோர்ஜுக்குக் கிடைத்தது. அரசருக்கு அடுத்த இடம் அது.

அட்மிரல் என்று உலகமெல்லாம் இன்று வழங்கும் சொல் இந்த அமீர் என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அது ஐரோப்பிய மொழிகளுக்குள் சென்ற முக்கியமான வழிகளில் ஒன்று பலெர்மோ அரண்மனை.

திவானும் தோம்பும்

கடற்போரில் அவர் பெற்ற புகழைப் பலரும் எழுதியுள்ளனர். ஒரு கணக்காளன் என்ற முறையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர் காலத்தில் வளர்ந்த காரியாலயம்.

அதற்குத் திவான் என்று பெயர். எமக்கும் பழக்கமான சொல். சுங்கத்துக்கு இத்தாலியர் தொகானா என்கிறார்களே, அதுவும் இந்தத் திவான் என்னும் சொல்லின் திரிபுதான். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லும்போது இதை நினைத்துக் கொள்ளலாம். திவானில் இருந்த இடாப்புகளுக்குத் தெப்தெர் என்ற அரபுச் சொல்லையே சற்று மாற்றி வழங்கினார்கள். இந்தியக் கச்சேரிகளில் புழங்கிய தப்தர் என்ற சொல்லும் அதே வழிவந்தது.

யாழ்ப்பாணத்தவருக்குத் தோம்பு என்றால் உடனே விளங்கும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் காணிகளையும் உரிமையாளர்களையும் பதிந்து வைத்த ஏடு அது. அதைப் போன்ற வேலைதான் இங்கும் நடந்தது. காணிகளின் எல்லைகள் ஓரிடாப்பில். குடும்பத் தலைவர்களின் பெயர்கள் மற்றோரிடாப்பில். அரபு, கிரேக்கம், பின்னர் இலத்தீன் என்று மூன்று மொழிகளில் அரச பத்திரங்கள் எழுதப்பட்டன. முன்னர் கொடுத்த உரிமைப் பத்திரங்களை 1144, 1145ஆம் ஆண்டுகளில் திரும்பக் கொண்டுவரச் செய்து, சரிபார்த்துப் புதுப்பித்தார்கள். எகிப்தின் பாத்திமிய அரசினர் நடத்திய காரியாலய முறையைப் பார்த்தே இது திருத்தப்பட்டது என்றும், எகிப்தோடு தொடர்பு வைத்திருந்த ஜோர்ஜுக்கு அதில் பெரும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இக்காரியாலயத்தின் பலனைச் சாதாரண மக்களும் ஓரளவு கண்டார்கள். எழுத்தில் எல்லை இருந்தால் பிரபு ஒருவர் நினைத்தபடி அதைத் தாண்டுவது கடினம். அதே இடாப்பு ஏழைக் குடியானவரைக் காணியோடு கட்டியும் வைத்தது. முஸ்லிம்களிடமும் யூதர்களிடமும் தனி வரியும் வாங்கினார்கள். நல்லதும் கெட்டதும் அந்த ஏட்டிலேயே இருந்தன.

சொந்தச் செல்வத்தில் ஜோர்ஜ் கட்டிய மாதா கோயில் பியாஸ்ஸா பெல்லீனியில் இருக்கின்றது. மார்த்தொரானா என்று இப்போது அழைக்கிறார்கள். 1143ஆம் ஆண்டு அதற்கு எழுதிய சாசனமும் கிரேக்கம், அரபு இரண்டும் கலந்தது. உள்ளே சிறு கற்களால் பதித்த இரண்டு படங்கள் உண்டு. ஒன்றில் கிறிஸ்து நேரே மன்னர் ருஜ்ஜேரோவுக்கு முடி சூட்டுகின்றார். மற்றதில் ஜோர்ஜ் மாதாவின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குகின்றார். மன்னர் எழுந்து நிற்க, அமைச்சர் நிலத்தில் கிடக்கின்றார். தமது அதிகாரம் எங்கிருந்து வருகின்றது என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார் என்றே எனக்குப் படுகின்றது. 1184ஆம் ஆண்டு நத்தார் நாளில் இக்கோயிலைப் பார்த்த இப்னு ஜுபைர் என்னும் முஸ்லிம் யாத்திரிகர் அதன் அழகை வியந்து எழுதியிருக்கின்றார்.

பாலமும் 1131ஆம் ஆண்டளவில் அவரது கட்டளையால் கட்டப்பட்டது என்பர். ஆற்றுக்கு அப்பாலுள்ள தோட்டங்களையும் நகரத்தையும் அது இணைத்தது.

திரும்பிச் சென்ற நகரம்

1140களில் வட ஆபிரிக்காவில் கொடும் பஞ்சம் நிலவியது. மக்கள் கூட்டங்கூட்டமாகச் சிசிலிக்கு வந்தார்கள். அந்தப் பலவீனத்தைப் பயன்படுத்தி ஜோர்ஜ் 1146ஆம் ஆண்டில் திரிப்போலியைப் பிடித்தார். 1147இல் கிரேக்கக் கரைகளைத் தாக்கித் தேபஸ், கொரிந்து ஆகிய நகரங்களிலிருந்து பட்டு நெசவாளர்களைக் கைதிகளாகப் பலெர்மோவுக்குக் கொண்டு வந்தார். இங்கிருந்த அரச பட்டுச் சாலை அதனால் செழித்தது. அந்தக் கைத்தொழிலாளருடைய துயரத்தையும் நாம் மறக்கலாகாது. ஊரைவிட்டு வந்தவர்தாம் மற்றவர்களை ஊரைவிட்டுப் பெயர்த்தார்.

1148ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவரது கப்பல்கள் மஹ்தியாவை நெருங்கின. வழியில் பிடித்த ஒரு கப்பலில் அந்நகரத்தின் தூதுப் புறாக்கள் இருந்தன. சிசிலியின் கப்பல்கள் வேறு திசையில் போய்விட்டன என்று பொய்ச் செய்தி கட்டிப் புறாவைப் பறக்க விட்டார்களாம். நகரம் ஆயத்தமில்லாமல் இருந்தது. அமீர் ஹசன் குடும்பத்துடன் வெளியேறினார். மாலுமி வேடத்தில் தப்பிய கணக்கர், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த அரண்மனைக்குள் வெற்றியாளராக நுழைந்தார். கொள்ளையை விரைவில் நிறுத்தி, ஓடியவர்களைத் திரும்ப அழைத்து, அபயம் கொடுத்தார். உணவும் பணமும் வழங்கினார். மக்கள் தம் வழக்குகளைத் தம் நீதிபதிகளிடமே கொண்டு செல்ல இடமளித்தார்.

1149இல் கொன்ஸ்தாந்திநோபிள் நகரம் வரை கப்பல் செலுத்திப் பேரரசரின் அரண்மனைத் தோட்டத்துக்குள் அம்பெய்துவிட்டு வந்தார். 1151ஆம் ஆண்டளவில் நோயுற்று இறந்தார். அவருக்கு ஈடாக அப்பதவியை நடத்த ஒருவரும் கிடைக்கவில்லை என்று எதிர்த்தரப்பு வரலாற்றாசிரியர்களே எழுதியுள்ளனர்.

அவருக்குப் பின்

இங்கேதான் இவ்வாழ்க்கையின் முக்கியமான பாடம் இருக்கின்றது.

ஜோர்ஜுக்குப் பின் மஹ்தியா பிலிப் என்பவர் கப்பற்படையை நடத்தினார். அவரும் அரண்மனையில் வளர்ந்த அயலூரவர், திறமைசாலி. 1153ஆம் ஆண்டில் ஓர் ஆபிரிக்க நகரைக் கைப்பற்றி, அங்குள்ளோரிடம் இரக்கம் காட்டினார். திரும்பி வந்ததும், இரகசியமாக இஸ்லாத்தைப் பின்பற்றுகிறார் என்று குற்றஞ்சாட்டி அவரைத் தீயிட்டுக் கொன்றார்கள். ஆண்டவர் அதே ருஜ்ஜேரோ மன்னர். அமைச்சரைக் காப்பதற்கு மன்னரின் மனத்தைத் தவிர வேறு சட்டம் இருக்கவில்லை. மன்னரின் மனம் மாறிய அன்று எல்லாம் முடிந்தது.

1154ஆம் ஆண்டு பெப்ரவரியில் மன்னரும் மறைந்தார். 1160ஆம் ஆண்டில் மஹ்தியா கைநழுவியது. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில், அமீர்களின் அமீராயிருந்த பாரி நகரத்து மாயோனே பலெர்மோ வீதியில் கொலை செய்யப்பட்டார். 1161ஆம் ஆண்டு மார்ச் மாதம் கலகக்காரர் அரண்மனையைச் சூறையாடினர். நகரிலிருந்த முஸ்லிம் உத்தியோகத்தர்களும் வணிகர்களும் வெட்டப்பட்டார்கள். திவானின் இடாப்புகளும் அழிந்தன.

அதன்பின் நடந்ததைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இடாப்புகள் இல்லாமல் அரசு நடக்கவில்லை. அவற்றில் இருந்ததை அறிந்தவராகச் சிறையில் கிடந்த மத்தேயோ என்ற எழுத்தரை நினைத்தார்கள். அவரை விடுதலை செய்து, இடாப்புகளைப் புதிதாக எழுதுவித்தார்கள்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து எல்லோரும் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினான்கு வயது. எமது ஊர்க் கோயிலின் கணக்குக் கொப்பிகள் பெட்டியோடு அங்கேயே தங்கி, பின்னர் காணாமற் போயின. எந்தத் திருவிழா எந்தக் குடும்பத்துக்குரியது, எந்தக் காணி யார் எழுதிக் கொடுத்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஊருக்குத் திரும்பிய பின், வயதான கணக்கப்பிள்ளை ஒருவர் திண்ணையில் இருந்து நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டு கொப்பி நிறைந்தது. மூன்றாவது தொடங்குமுன் அவர் காலமாகி விட்டார். அவர் சொல்லாமல் விட்ட காணிகளைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை.

திறமையும் நிறுவனமும்

தலைமைக்குத் தனிமனிதத் திறமை பெரிதா, அவர் நிற்கும் இடம் பெரிதா என்று கேட்டால், ஜோர்ஜின் வாழ்க்கை இரண்டையும் காட்டுகின்றது. மொழியறிவும் கணக்கறிவும் அவரை வாசல் வரை கொண்டு வந்தன. புதிய அரசின் தேவை வாசலைத் திறந்தது. ஆனால் அவரைப் போன்றவர்களையும் சிறுபான்மையோரையும் பாதுகாக்கும் ஏற்பாடு ஒன்றை அவராலோ மன்னராலோ சட்டமாக நிலைநிறுத்த முடியவில்லை. விளைவை முஸ்லிம் மக்கள் அனுபவித்தார்கள். 1189க்குப் பின் நடந்த கலவரங்களில் மலைகளுக்கு ஓடினார்கள். 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பெதெரிக்கோ பேரரசர் எஞ்சியோரைத் தீவிலிருந்து பெயர்த்து லுச்சேராவில் குடியேற்றினார். 1300ஆம் ஆண்டில் அந்தக் குடியிருப்பும் அழிக்கப்பட்டது.

எமது சொந்த வரலாற்றிலும் இதே கணக்கைப் பார்க்கலாம். தந்தை செல்வநாயகம் அவர்களின் நேர்மையையும் பொறுமையையும் எதிராளிகளும் மதித்தார்கள். 1957ஆம் ஆண்டு ஜூலையில் பண்டாரநாயக்கா அவர்களோடும், 1965ஆம் ஆண்டு மார்ச்சில் டட்லி சேனநாயக்கா அவர்களோடும் அவர் ஒப்பந்தம் செய்தார். முதலாவது 1958ஆம் ஆண்டு ஏப்ரலில் கைவிடப்பட்டது. இரண்டாவது நிறைவேறாமலே போயிற்று. இரண்டும் தலைவர்கள் தமக்குள் கொடுத்துக்கொண்ட வாக்குகளாகவே நின்றன. தம்மோடு ஒப்பமிட்ட பிரதமரே பின்வாங்கும்போது, எண்ணிக்கையில் சிறிய கட்சியின் தலைவர் எவ்வளவு திறமையானவராயினும் பாராளுமன்றத்தில் என்ன செய்ய முடியும்? ஆளைக் குறை சொல்வதற்கு முன் அவர் நின்ற சபையையும் பார்க்க வேண்டும்.

சிறிய அளவில் இது எமது சபைக்கும் பொருந்தும். குவெஸ்துராவில் பேசத் தெரிந்தவர் ஒருவர், மண்டபம் எடுக்கத் தெரிந்தவர் ஒருவர், கணக்குத் தெரிந்தவர் ஒருவர் என்று ஆட்களிலேயே எல்லாம் தங்கியிருக்கின்றது. அவர் வேறு நாட்டுக்குப் போனாலோ நோயுற்றாலோ நாம் தடுமாறுகின்றோம். பல ஆண்டுகளாகப் பொருளாளராக இருக்கும் நானும் இக்குற்றத்துக்கு உரியவன். பல விடயங்கள் என் தலைக்குள்தான் இருக்கின்றன. எனவே இந்த ஆண்டு முதல் கணக்குகளைத் தமிழிலும் இத்தாலிய மொழியிலும் இரு பிரதிகளாக எழுதத் தொடங்கியிருக்கின்றேன். இங்கு பிறந்து வளர்ந்த இளையவர் இருவர் முன்வந்து பழகினால் அடுத்த பொதுக்கூட்டத்தில் பொறுப்பை ஒப்படைத்து விடலாம். விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் என்னைக் காணுங்கள்.

பிள்ளைகளோடு ஒரேத்தோப் பாலத்தின் வழியே செல்லும் பெற்றோர் ஒரு நிமிடம் நின்று, அதைக் கட்டியவர் எங்கிருந்து, எப்படி வந்தார் என்று சொல்லுங்கள். நேரமிருந்தால் பியாஸ்ஸா பெல்லீனிக்கும் அழைத்துச் செல்லுங்கள். நிலத்தில் விழுந்து வணங்கும் அந்தக் கணக்கரின் படம் இன்றும் அங்கே இருக்கின்றது.